அமாவாசை அன்று எனக்குக் கிடைத்த முதல் பரிசு

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
9 நவம்பர் 2024

பெருமதிப்பிற்குரிய அண்ணன் மணியன் அவர்களுக்கு, தம்பி ஜெயபிரகாஷ் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் யாமினியும் பிள்ளைகள் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தாங்களும் அண்ணியும் இதைவிடச் சௌக்கியமாக இருப்பதாக அறிகிறேன். எப்படி அறிகிறேன் என்று கேட்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிய நீங்கள், யாமினியைத் தூக்க மறந்துவிட்டீர்கள். அவள் சமையலறையில் நின்று ஒவ்வொரு செய்தியாக எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். சில இடங்களில் அவள் குரலில் தேவைக்கு மேல் உற்சாகம் தெரிகிறது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஏழு தடவை போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எட்டாவது தடவை அண்ணி எடுத்து, "அவரு தோட்டத்துக்குப் போயிருக்காருங்க தம்பி" என்றார். பின்னால் நீங்கள் இருமுகிற சத்தம் கேட்டது. ஆகவே தபால். பேனா பிடித்துத் தமிழ் எழுதிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இந்தக் கடிதம் நம் ஊர் கோபிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். அதுவரை உங்கள் கோபம் கெட்டுப்போகாமல் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

நீங்கள் குழுவில் என்ன எழுதினீர்கள் என்பதை உங்களுக்கே ஒரு தடவை எழுதிக் காட்டுகிறேன். "அப்பா போயி நாலு மாசம் முடியல. அமாவாசையும் அதுவுமா வேட்டியில கண்ணு வெட்டிக்கிட்டு, மூஞ்சியில சாம்பலப் பூசிக்கிட்டு, பேய் வேசம் கட்டி வெள்ளைக்காரிகூடப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறான். வருசத் திதிக்கு இவன் வரவேண்டியதில்ல. எங்கப்பனுக்கு ஒரே பையன்னு நெனச்சுக்கறேன்." அதற்குக் கீழே ராமாத்தாள் அத்தை, தொண்ணூறு சதவீதம் கண் தெரியாதவர், "போட்டாவுல பல்லு நல்லாத் தெரியுது" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். சரி. அந்த போட்டோவில் இருப்பது நான்தான். வேட்டியில் இரண்டு ஓட்டை இருப்பதும் உண்மை. ஆனால் அது வேசம் இல்லை, அண்ணா. அந்த ஊரில் அன்றைக்கு வேசம் போடாமல் நின்ற ஒரே ஆள் நான். வேசம் போடாத எனக்குத்தான் வேசப் போட்டியில் முதல் பரிசு கொடுத்தார்கள். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது? அதனால் உங்களிடமே சொல்கிறேன், கேட்டாலும் சரி, இருமினாலும் சரி.

எல்லாம் நீங்கள் ஆரம்பித்து வைத்ததுதான். அக்டோபர் நடுவில் போன் பண்ணினீர்கள். "தம்பி, இந்த வருசம் தீவாளி கெடையாது. எண்ணெ தேய்க்கக் கூடாது, புதுத்துணி கூடாது, பலகாரம் சுடக் கூடாது, பட்டாசு கூடாது. அமாவாசைக்கு மட்டும் வெரதம் இருந்து, காக்காய்க்குச் சோறு வெச்சு, அது தின்ன பொறவுதான் நீ வாயில தண்ணி ஊத்தோணும்" என்றீர்கள். பட்டாசு இங்கே ஏற்கெனவே கூடாது, வெடித்தால் போலீஸ் வரும். மற்றதற்கெல்லாம் சரிங்ணா என்றேன். நான் எதற்குத்தான் சரிங்ணா என்று சொல்லவில்லை? பெரியவள் தென்றலுக்கு ஒன்பது வயது. தமிழ்ப் பள்ளித் தீபாவளி விழாவில் ஆடுவதற்கு இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவளை அதிலிருந்து நிறுத்தினேன். "டாடி, தாத்தா லைக்ட் மை டான்ஸ். வொய் வுட் ஹி சே நோ?" என்று கேட்டாள். தாத்தா சொல்லவில்லை அம்மிணி, பெரியப்பா சொன்னார் என்றேன். அன்றிலிருந்து அவள் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை மரியாதை கருதி எழுதவில்லை.

தீபாவளி போயிற்று என்றதும் மூன்றும் சேர்ந்துகொண்டு ஹாலோவீன் கேட்டன. உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி இங்கே பிள்ளைகள் பேய், பிசாசு, சூனியக்காரி என்று வேசம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். வீட்டு வாசலில் எலும்புக்கூடு, கல்லறை, சிலந்திவலை எல்லாம் கட்டி வைப்பார்கள். நம் ஊரில் எதையெல்லாம் வாசலில் வைத்தால் அடிக்க வருவார்களோ, அதையெல்லாம் இங்கே கடையில் வாங்கி வைப்பார்கள். இது பண்டிகையா இல்லையா என்று எனக்கும் யாமினிக்கும் நான்கு நாள் விவாதம் நடந்தது. "சாமி இருக்கா? இல்ல. பூஜ இருக்கா? இல்ல. பலகாரம் இருக்கா? நாம சுடப்போறதில்ல. உங்கண்ணன் குடுத்த லிஸ்ட்ல இது இருக்கா? இல்லைல்ல? அப்ப இது பண்டிகையே கெடையாது. ஸ்கூல் ஆக்டிவிட்டி" என்றாள். உங்களிடம் கேட்டுவிடலாமா என்றேன். "கேளுங்க. ஹாலோவீன்னா என்னன்னு நீங்களே வெளக்கிச் சொல்லுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருடம் பார்த்து தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே வியாழக்கிழமையில் வந்தன. உங்களுக்கு அமாவாசை மறுநாள் வெள்ளி. இங்கே வியாழக்கிழமையே அமாவாசை என்று கோயில் அய்யரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அமாவாசை வெள்ளிக்கிழமை இருக்க வியாழக்கிழமை இவன் என்ன கூத்தடிக்கிறான் என்று அத்தை கேட்டதாக யாமினி வாசித்தாள். அத்தையிடம் சொல்லுங்கள், நான் இங்கே காக்காய்க்குச் சோற்றை எடுத்துக்கொண்டு நடந்த நேரத்தில் அங்கே வெள்ளிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது, நீங்கள் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். அப்பாவுக்கு நம் இரண்டு பேர் சோறும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

முந்தின நாளே மோரி அவென்யூவில் இருக்கிற இந்தியக் கடைக்குப் போய் வாழைக்காய், அவரைக்காய், உறைய வைத்த வாழையிலை எல்லாம் வாங்கினேன். கடை முழுக்கத் தீபாவளிப் பெட்டி. கல்லாவில் இருந்த அம்மாள், "ஹேப்பி தீவாளி, ஒரு பீஸ் டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று அதிரசத்தை நீட்டினார். இந்த வருடம் எங்களுக்கு இல்லைங்க என்றேன். அவர் முகம் மாறி, நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். இதெல்லாம் உங்கள் போட்டோவில் வராது.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறேகாலுக்கு வினை ஆரம்பித்தது. நடுவுள்ளவள் வெண்பா, ஆறு வயது, தேனீ வேசம் வேண்டும் என்று மூன்று வாரம் அழுது, ஆர்டர் பண்ணி, அது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான அளவில் வந்து சேர்ந்திருந்தது. போட்டுப் பார்த்தால் தேனீக்குள் வெண்பாவைக் காணவில்லை. "ஐ வில் பி எ கோஸ்ட்" என்று அந்த நேரத்தில் முடிவை மாற்றினாள். யாமினிக்கு அன்று ஆபீசில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ், காதில் போன், ஒரு கையில் தோசைக்கரண்டி. அலமாரியைத் திறந்தாள், மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உருவினாள், கத்தரியால் இரண்டு ஓட்டை போட்டாள், பிள்ளை தலையில் கவிழ்த்தாள், அனுப்பிவிட்டாள். அது பெட்ஷீட் இல்லை, அண்ணா. அப்பா கருமாதிக்குக் கட்டச் சொல்லி நீங்கள் கூரியரில் அனுப்பினீர்களே, கருமாதி முடிந்து ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்ததே, அந்தக் கோடி வேட்டி. அமாவாசைக்குக் கட்டலாம் என்று பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

எனக்கு இது பள்ளிக்கூட ஊர்வலத்தில்தான் தெரிந்தது. நான் பச்சைத்தண்ணீர் குடிக்காமல், காதில் ஆபீஸ் மீட்டிங்கை மாட்டிக்கொண்டு, மைதான ஓரத்தில் நின்றேன். மற்ற அப்பாக்கள் எல்லாரும் கடற்கொள்ளைக்காரன், டைனோசர் என்று வந்திருந்தார்கள். ஒரு டைனோசர் என்னைப் பார்த்து நீ என்ன வேசம் என்று கேட்டது. சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது பேய்கள் வரிசையாக வந்தன. முப்பது பேயில் ஒரு பேய்க்கு மட்டும் ஓர் அங்குலப் பச்சைக் கரை இருந்தது. முதுகுப் பக்கம் ஈரோட்டுக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யாமினிக்குப் போன் போட்டேன். "நான் பெட்ஷீட்டுன்னு நெனச்சேம்பா." "கரை இருக்கே யாமினி!" "விடியக்காலம் ஆறு மணிக்கு யாரு கரையப் பாக்கறது? ரிலீஸ் போயிட்டிருக்கு, ஈவினிங் சண்ட போடலாம்" என்று வைத்துவிட்டாள்.

அங்கிருந்து சின்னவன் சபரியின் டேகேருக்கு ஓடினேன். அவனுக்கு மூன்று வயது. வேசம் பூசணிக்காய். உள்ளே பஞ்சு அடைத்த பூசணிக்காயைக் காரில் உட்கார வைத்து பெல்ட் போடவே முடியாது, கழற்றினால் கத்துவான். கழற்றினேன், கத்தினான், டேகேர் வாசலில் மறுபடி மாட்டினேன். அவன் வகுப்பில் இருபத்துநான்கு பிள்ளைகளுக்குப் பரிசுப் பை கொடுக்க வேண்டும், அதில் கடலை கூடாது, பால் கூடாது, கோதுமை கூடாது, சாயம் கூடாது. கடைசியில் இருபத்துநான்கு பென்சில் கொடுத்தோம். பென்சில் கொண்டுவந்த குடும்பம் என்று எங்களை அந்த ஆசிரியை பார்த்த பார்வை, சாவு வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. சாவு வீட்டையும் நான் பார்க்கவில்லை என்பது வேறு விசயம்.

பிறகு ஆபீஸ். எங்கள் டீமில் போன மாதம் ஆறு பேரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள், அதனால் அப்பாவுக்கு அமாவாசை, லீவு வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மதியத்துக்குள் வைக்க வேண்டிய சோற்றைச் சாயங்காலம்தான் வைக்க முடிந்தது. மூன்று மணிக்குக் கிளம்பி, மூன்று பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு எல்லாம் நானே வைத்தேன். பிறகு வெண்பாவின் தலையிலிருந்து வேட்டியை உருவினேன். வீட்டில் வேறு வெள்ளை வேட்டி இல்லை. அதில் கெச்சப் கறை. அலசி, தலை முழுகி, ஈர வேட்டியோடு நெற்றியிலும் மார்பிலும் விபூதி பூசிக்கொண்டேன். அந்த இரண்டு ஓட்டையை எப்படிச் சுற்றிக் கட்டினாலும் பின்பக்கம் போகிறது. பின்பக்கம் போனால் மானம் போகும் என்று முன்பக்கம், முழங்காலுக்கு மேலே வரும்படி கட்டினேன். நீங்கள் போட்டோவில் பார்த்து, கண்ணு வெட்டியிருக்கிறான் என்றது அதைத்தான். வேசம் பறிபோன வெண்பா வீடு இடிகிற மாதிரி அழுதாள். தென்றல் சூனியக்காரித் தொப்பியைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு ரோல் டாய்லெட் பேப்பரைத் தங்கையின் உடம்பு முழுக்கச் சுற்றி, "நௌ யூ ஆர் எ மம்மி" என்றாள். அழுகை நின்றது. இந்த வீட்டில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான்.

இலையில் எல்லாம் பரிமாறி, பின்கட்டில் மதில்மேல் வைத்துக் கா, கா என்று கூப்பிட்டேன். எங்கள் குடியிருப்பில் காக்காய்க்குப் பஞ்சமே இல்லை, குப்பைத் தொட்டியைக் கிளறி எங்களுக்கு அபராதக் கடிதம் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு இருக்கின்றன. அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணாந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன் மரத்தில் ஆறு பிளாஸ்டிக் காக்காய்களைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணில் சிவப்பு விளக்கும் வைத்திருந்தார். தங்கள் கூட்டத்தில் ஆறு பேரை இப்படித் தொங்கவிட்ட இடத்துக்கு எந்தக் காக்காய் சோறு தின்ன வரும்? கதவைத் தட்டி அவற்றைக் கொஞ்ச நேரம் இறக்க முடியுமா என்று கேட்டேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வாவ்" என்று சொல்லி ஒரு மிட்டாயைக் கையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்போது தென்றல்தான் கண்டுபிடித்தாள், காக்காய்கள் எல்லாம் குடியிருப்பின் பொதுக் கட்டடமான கிளப் ஹவுஸ் பக்கத்துப் பெரிய மரத்தில் உட்கார்ந்திருந்தன. யாமினி இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை, மூன்று பிள்ளைகளையும் வீட்டில் தனியாக விட்டுப் போகக் கூடாது, சட்டம். ஆகவே இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெற்றுடம்போடும் ஈர வேட்டியோடும் நான் முன்னால் நடக்க, எனக்குப் பின்னால் சூனியக்காரி தண்ணீர்ச் சொம்போடு வர, அவள் பின்னால் காகிதம் சுற்றிய பிணம் வர, கடைசியாகப் பூசணிக்காய் உருண்டு வந்தது. கிளப் ஹவுஸ் புல்வெளியில் அந்த நேரத்தில் வேசப் போட்டி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மூலை திரும்பினால் நூறு பேர் நிற்கிறார்கள். எல்லோரும் விலகி எங்களுக்கு வழி விட்டார்கள். திரும்பிப் போகலாம் என்றால் வெயில் இறங்குகிறது, அப்பாவுக்குச் சோறு ஆறுகிறது. நான் யாரையும் பார்க்காமல் மரத்தடிக்குப் போய், இலையைப் புல்லில் வைத்து, தண்ணீர் சுற்றி, விழுந்து கும்பிட்டு, அண்ணாந்து கா, கா என்றேன். நூறு பேரும் சேர்ந்து கா, கா என்றார்கள்.

அண்ணா, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

காக்காய் வந்தது. சோற்றைக் கொத்தித் தின்றது. நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அதற்குள் எங்கள் குடியிருப்பின் மேனேஜர் லிண்டா, ஒலிபெருக்கியும் கையுமாக ஓடிவந்து, மண்டையோட்டு வடிவத்தில் ஒரு கோப்பையை என் கையில் திணித்தாள். எல்லாவற்றிலும் அசலாக இருந்ததற்கு முதல் பரிசாம். நான் அவளிடம், "நோ, நோ, திஸ் இஸ் ஃபார் மை ஃபாதர். ஹி டைட் இன் ஜூலை" என்றேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஓ மை காட், அண்ட் யூ ஸ்டே இன் கேரக்டர்!" என்றாள். அதாவது, இன்னும் வேசத்தைக் கலைக்காமல் நடித்துக்கொண்டே இருக்கிறேனாம். யாமினியின் தோழி ஸ்வர்ணா அங்கே நின்றிருந்தாள், கோபிக்காரிதான், எல்லாம் தெரிந்தவள், "ஜேபி, செம்ம கான்செப்ட்டு!" என்று சொல்லி நான்கைந்து போட்டோ எடுத்தாள். எனக்குப் பல் தெரிகிறது என்கிறீர்கள். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, லிண்டா வேறு ஸ்மைல், ஸ்மைல் என்று கத்தினாள், முகம் சுருங்கியதில் பல் தெரிந்திருக்கிறது. வெயிலுக்குச் சுளித்தாலும் பல் தெரியும். ஸ்வர்ணா அதை ஸ்டேட்டஸில் போட, கோபியில் அவள் அம்மா பார்க்க, அவர் ராமாத்தாள் அத்தைக்கு அனுப்ப, நான் வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றுவதற்குள் நீங்கள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டீர்கள். எங்கள் ஆபீசில் ஆளைத் தூக்குவதற்குக்கூட அரைமணி நேரம் முன்னால் ஒரு மீட்டிங் வைப்பார்கள்.

நீங்கள் கோபப்படுவது ஹாலோவீனுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். ஜூலையில் நான் வரவில்லை. அதுதானே? பாஸ்போர்ட்டில் குத்திய விசா காலாவதியாகிப் போயிருந்தது, வெளியே போனால் திரும்பி உள்ளே வர மறுபடி இன்டர்வியூ, அதற்குத் தேதி கிடைக்கவில்லை, திரும்ப முடியாமல் போனால் வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தரத்தில் தொங்கும். இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். நீங்கள், "சரி, உனக்கு எது சௌரியமோ அதச் செய்யி" என்றீர்கள். சௌகரியம்! சித்தப்பா மகன் சேனாபதி போனைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் இங்கே விடிகாலையில் கேரேஜில் உட்கார்ந்து பார்த்தேன். பாதி நேரம் அவன் செருப்பு தெரிந்தது, மீதி நேரம் வானம் தெரிந்தது. நீங்கள் கொள்ளி வைத்தபோது வானம்தான் தெரிந்தது. "ஆச்சுங்ணா, நீங்க போயிக் குளிங்க" என்று சேனாபதி சொல்லி வைத்துவிட்டான். குளித்தேன். எட்டு மணிக்கு மீட்டிங் இருந்தது, அதில் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று மேனேஜர் சொன்னார்.

எங்கப்பனுக்கு ஒரே பையன் என்று எழுதினீர்களே, அப்படியானால் நான் யார் பையன்? கடைசி ஐந்து வருடம் அவரைக் கைத்தாங்கலாக நடத்தியது நீங்கள், ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நீங்கள், படுக்கையில் விழுந்த பிறகு துணி மாற்றியது அண்ணி. அதில் ஒரு நாள்கூட நான் செய்யவில்லை. அதைச் சொல்லி என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவருக்காகத் துக்கப்படுகிற உரிமையும் அங்கே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். எனக்கும் அவர்தான் அப்பா. வருசத் திதிக்கு வரவேண்டாம் என்கிறீர்கள். வர முடியுமா முடியாதா என்று தெரியாமல் தினமும் விசாத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து வராதே என்று சொல்வது ரொம்பச் சுலபம். நானும் வரப்போவதில்லை. நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டேன். இங்கேயே ஒரு மரத்தடியில் இலை போட்டுக்கொள்கிறேன், அப்பா என் சோற்றைத் தின்றுவிட்டார், அது எனக்குப் போதும். நீங்கள் தனியாகவே செய்துகொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். போனை எடுத்ததற்கு நன்றி. ராமாத்தாள் அத்தைக்கு என் நமஸ்காரம், அவருடைய கண்பார்வை மேலும் மேலும் கூர்மையாக விளங்க ஆண்டவன் அருள் புரியட்டும். சேனாபதிக்கு என் அன்பு. பிள்ளைகள் மூவரும் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள், தென்றல் நீங்கலாக. தங்கள் குடும்பத்தில் எல்லா நலமும் பெருக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி என்று நீங்கள் நினைத்துக்கொள்ள விரும்பாத,
ஜெயபிரகாஷ்

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது தென்றல் வந்து, பெரியப்பாவுக்கு என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு என்றாள். காக்காய் வந்து சோற்றைத் தின்றது என்ற இடம் வந்ததும், "டாடி, தட்ஸ் நாட் வாட் ஹேப்பண்ட்" என்றாள். பிள்ளை முன்னால் பொய்யை ஒட்டி அனுப்ப முடியாது, அதனால் எழுதுகிறேன். காக்காய் என் சோற்றைத் தின்னவில்லை, அண்ணா. இறங்கி வந்து இலையை இரண்டு சுற்றுச் சுற்றியது. பொரியலை ஒரு தடவை புரட்டிப் பார்த்தது. பிறகு தள்ளி நின்றுகொண்டது. நூறு பேர் நடுவில் நான் கை கூப்பிக்கொண்டு நிற்கிறேன், ஜூலையில் வராதவன் சோறு அப்பாவுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது சபரி தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, தாளோடு, இலை ஓரத்தில் வைத்தான். காக்காய் சோறு, பருப்பு, கூட்டு எல்லாவற்றையும் தாண்டி வந்து அந்த மிட்டாயைக் கவ்வியது. கவ்விக்கொண்டு உடனே பறக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தது. பிறகுதான் பறந்தது. டாக்டர் சொன்னார் என்று நீங்கள் பலகார அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டீர்கள், அது சரிதான், அப்பாவுக்குச் சர்க்கரை நானூறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் பண்ணி, குரலைத் தாழ்த்தி, "ஒரு ஜிலேபி கேட்டா ஊரையே எழுதிக் கேட்ட மாதிரி பண்றாண்டா உங்கண்ணன். நேத்து மீனாக்ஷி வூட்டு விசேசத்துல ரெண்டு தின்னுட்டேன், அவங்கிட்டச் சொல்லிப்போடாத" என்பார். நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன். அதனால் வெயில் அடித்தது, லிண்டா கத்தினாள் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், வரமாட்டேன் என்றதையும் சேர்த்து. நீங்கள் போட்டோவில் பார்த்தது சரிதான். நான் சிரித்தேன். அப்பா போன பிறகு முதல் தடவையாக, வயிறு வலிக்கச் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை, மூன்று பிள்ளைகளும் என் காலைக் கட்டிக்கொண்டார்கள், லிண்டாகூடப் பயந்துபோய் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டாள். ஸ்வர்ணா கொஞ்சம் முந்தி எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.